ஈஸ்ட்ஹாமில் உயரும் ஜீப்

ஈஸ்ட்ஹாம் கடைத்தெருவில் சேறு ஏது? ஆனாலும் என் பெறாமகன் தன் பழைய லான்ட் ரோவரை உயர்த்தப் போகிறானாம். ஞாயிறுகளில் சரே பக்கத்து மண்பாதைகளில் ஓட. வன்னி மாரியில் உழவு இயந்திரம் புதைவதைக் கண்டவன் நான். சொன்னேன்: "தம்பி, ஸ்பிறிங்கை உயர்த்தினால் பெட்டிதான் எழும்பும், அச்சு எழும்பாது. அச்சை உயர்த்துவது ரயர். 29 அங்குலத்துக்குப் பதில் 32 போட்டால் அச்சு ஒன்றரை அங்குலம் எழும்பும். ரயரை முதலில் தீர்மானி. பிறகு அது மட்காட்டில் உரசாத அளவுக்கு மட்டும் வண்டியை உயர்த்து."

இன்னொன்று. முன்பு சரியாகக் காட்டிய வேகமானி, இனி 30 காட்டும்போது வண்டி 33 மைலில் ஓடும். கமராவுக்கு நியாயம் சொல்ல முடியாது. காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவிக்கவேண்டும். மறைத்தால் விபத்தன்று பணம் கிடையாமல் போகலாம். புதிதாக வந்த நாங்கள் பலர் இதை அறிவதில்லை.

நேற்று அவன் வாகனத் தரிப்பிட வாசலில், உயரத் தடைக் கம்பியை அளந்துகொண்டு நின்றான்.