டிகிரி காபியும் டாக்டர் பட்டமும்

எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறும்போது என் பையில் இருந்தவை: இரண்டு செட் துணி, அம்மாவுக்குத் தைலம், எட்டாவது தடவையாகத் திருத்திய 'ஸ்டேட்மெண்ட் ஆஃப் பர்ப்பஸ்'.

எம்.ஏ. இங்கிலீஷ். வயது 29. பகலில் ஆபீஸ் ஃபைல், ராத்திரியில் ஷெல்லி என்று ஏழு வருஷம் ஓட்டியாகிவிட்டது. இந்த டிசம்பருக்குள் அமெரிக்காவில் ஆங்கில இலக்கிய பிஹெச்.டி.க்கு அப்ளிகேஷன் போட்டாகவேண்டும்.

சும்மா ஃபாரம் நிரப்புகிற வேலை இல்லை சார் இது! எதற்காகப் படிக்க வருகிறாய் என்று இரண்டு பக்கம். நம் சரக்கைக் காட்ட பதினைந்து, இருபது பக்கத்தில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை. மூன்று பேராசிரியர்களின் சிபாரிசுக் கடிதம். ஒவ்வொரு யூனிவர்சிட்டிக்கும் 75 டாலர், 100 டாலர் என்று கட்டணம். ஆறு இடத்துக்குப் போட்டால் என் ஒரு மாசச் சம்பளம் காலி. பெரிய இடங்களில் சில நூறு பேர் போட்டிபோட, எடுப்பது பத்துப் பேர் மாதிரி. கிடைத்தால் ஃபீஸ் கிடையாது. அஞ்சு வருஷம் உதவித்தொகை. கிடைக்காவிட்டால்... ஃபைல்!

இங்கேயும் வழி இருக்கிறது. 'நெட்' எழுதலாம். மூணு மணி நேரம், 150 கேள்வி, 300 மார்க். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023-லிருந்து மாசம் 37,000 ரூபாய். அதையும் எழுதி வைத்திருக்கிறேன். டெல்டாக்காரன் அல்லவா... குறுவை போனாலும் சம்பா இருக்கட்டும் என்கிற புத்தி!

விடியற்காலை தஞ்சாவூர். சிபாரிசுக் கடிதம் கேட்க வாத்தியார் வீட்டுக்குப் போனேன். ரிடையராகிவிட்டார். என் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சின்ன வயசுலேர்ந்தே ஷேக்ஸ்பியர் மேல ஆசைன்னு எழுதியிருக்கே. அப்ளை பண்ற எல்லாரும் அதைத்தாம்ப்பா எழுதுவான். இதுல நீ எங்க இருக்கே?"

நான் காபி டம்ளரைப் பார்த்தேன்.

"லெட்டர் தர்றேன். அதுக்கு முன்னாடி ஊரை ஒரு சுத்து சுத்திட்டு வா. அரண்மனை, செயின்ட் பீட்டர்ஸ் சர்ச், அப்புறம் கும்பகோணம்."

சரஸ்வதி மகாலுக்கு ஸ்கூல் டூரில் போனது. அப்போது திமிங்கில எலும்பைத்தான் பார்த்தோம்! 1798 முதல் 1832 வரை இருந்த சரபோஜி ராஜா, ஓலைச்சுவடிகளோடு ஐரோப்பியப் புத்தகங்களையும் ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்திருக்கிறார். பலவற்றில் அவர் கையெழுத்து.

சர்ச்சில் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் கல்லறை. 1798-ல் இறந்தவர்; சரபோஜியை வளர்த்த குரு. கல்லறைக் கல்லில் ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கவிதை. எழுதியவர் சரபோஜியே! தாய்மொழி மராத்தி, ஆளும் ஊர் தமிழ், குரு ஜெர்மன்காரர்... கவிதையோ இங்கிலீஷில். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய மிகப் பழைய கவிதைகளில் ஒன்று. இங்கிலீஷ் படிப்புதான் வேண்டும் என்று மெக்காலே 1835-ல் குறிப்பு எழுதுவதற்குள் சரபோஜி காலமாகிவிட்டார். அப்படியானால் யாரும் கட்டாயப்படுத்தாமலே ஒரு ராஜா துக்கத்தைச் சொல்ல ஏன் அந்த மொழியை எடுத்தார்?

இந்தத் தெரு வழியாக எத்தனை தடவை சைக்கிளில் போயிருப்பேன்! முதுகு சிலிர்த்தது.

பஸ் பிடித்தேன். அய்யம்பேட்டை, பாபநாசம்... இரண்டு பக்கமும் சம்பா பச்சை, தண்ணீரில் கொக்கு. கும்பகோணத்தில் ஒரு டிகிரி காபி. பிறகு சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வீடு. இப்போது நினைவு இல்லம்.

கணக்கு மேதைக்கும் இங்கிலீஷ் பிஹெச்.டி.க்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. 1904-ல் காவிரிக்கரை அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்த அவர், அதை இழந்ததே இங்கிலீஷ் கட்டுரைப் பாடத்தில் கோட்டை விட்டதால்தான்! அதே ஆள் 1913 ஜனவரி 16-ல் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதிய கடிதம் உலகப் பிரசித்தம். துறைமுக ஆபீஸில் வருஷத்துக்கு இருபது பவுன் சம்பளத்தில் கிளார்க், காலேஜ் படிப்பை முடிக்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். (வயதை மட்டும் 23 என்று இரண்டு வருஷம் குறைத்துவிட்டார். நீங்கள் செய்யாதீர்கள், பாஸ்போர்ட் காட்டிக்கொடுத்துவிடும்!) அப்புறம் நேராகக் கண்டுபிடிப்புகள், பக்கம் பக்கமாக. தற்பெருமை ஒரு வரிகூட அவருக்குத் தேவைப்படவில்லை. இன்னும் இரண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்கும் எழுதிப் பிரயோஜனம் இல்லை. ஹார்டிதான் படித்தார்.

நான் யார், இதோ என் வேலை. இவ்வளவுதான் விண்ணப்பம்!

திண்ணையோரம் நின்றே என் முதல் பாராவை அடித்தேன். ஷேக்ஸ்பியர் வெளியே, சரபோஜி உள்ளே.

சாயங்காலம் பாபநாசம் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா வரப்பில் நின்றிருந்தார். எந்தெந்த யூனிவர்சிட்டி என்று லிஸ்ட்டைப் படித்துக் காட்டினேன். எல்லாம் பெரிய பேர்கள்.

"தம்பி, இந்தப் பள்ளக்காலுக்கு சி.ஆர். 1009 போட்டிருக்கேன். பேர் பெரிசுன்னு வேற விதையைப் போட்டா முளைக்குமா? உன் விஷயத்தைத் தெரிஞ்ச வாத்தியார் எங்க இருக்கார்னு பார்த்து லிஸ்ட் போடு."

பத்தாவது தாண்டாதவர் சொன்னது. ராத்திரியே லிஸ்டில் மூன்று பேரை அடித்தேன். டாலரும் மிச்சம்!

சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "அங்க போயி அப்படி என்னதாண்டா படிக்கப்போற?"

"தஞ்சாவூர் சரபோஜியைப் பத்திப்பா."

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "அதுக்கு எதுக்குடா அமெரிக்கா?"

பதில் தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள். ஸ்டேட்மெண்டில் கடைசிப் பாரா இன்னும் பாக்கி இருக்கிறது!