சாரலில் இறங்கும் கூரை

செங்கோட்டையில் சாரல் விழத் தொடங்கினால் குற்றாலத்துக்கு மட்டுமில்லை, குஷன் கடைகளுக்கும் அது சீசன். வெளியூர்க் கார்கள் அருவியைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்க, உள்ளூர்ப் பழைய கார்கள் குஷன் கடை வாசலில் வந்து நிற்கும். புகார் ஒன்றுதான்: "ரூஃப் இறங்கிருச்சு." வண்டிக்குள் மேற்புறம் ஒட்டியிருந்த துணி கழன்று, நடுவில் தொப்பை போட்டுத் தொங்கும். பின்சீட்டில் இருப்பவர் தலையில் உரசும். உள்கண்ணாடியைப் பார்த்தால் பின்னால் வரும் லாரி தெரியாது, துணிதான் தெரியும்.

நான் போனது பிரானூர் பக்கம், மர அறுவை மில்களை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகைக்கு. முன்னால் கொல்லத்துக்கும் திருமங்கலத்துக்கும் இடையே ஓடும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்து ஊர். எல்லைக்கோடு இடம் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. புளியரை ஏற்றம் தாண்டி ஆரியங்காவு, புனலூர்ப் பக்கத்து வண்டிகளும் இறங்கி வருகின்றன. கொட்டகையில் அன்று இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று இருபது வயது தாண்டிய ஒரு பெட்ரோல் கார். இன்னொன்று வெள்ளை அம்பாசடர்.

கடைக்காரரை ஊரே அண்ணாச்சி என்கிறது, நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய அக்கா மகன் கூடமாட வேலை செய்கிறான். தையல் வேலை முழுக்க மதினி (அண்ணாச்சியின் மனைவி) கையில். வீட்டின் முன்னறையில் ரெக்சின் தைக்கிற கனத்த மிஷின் ஒன்று போட்டிருக்கிறார்.

பெட்ரோல் காரில் வேலை தொடங்கியது. முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார்கள். பிறகு சன் வைசர், கைப்பிடிகள், நடு விளக்கு, கதவு பீடிங், தூண்களை மூடிய பிளாஸ்டிக் என்று ஒவ்வொன்றாக இறங்கின. இந்த வகை வண்டியில் துணி தகரத்தோடு ஒட்டியிருப்பதில்லை. கூரையின் வடிவத்துக்கே அச்சில் வார்த்த ஒரு போர்டு உண்டு, துணி அதன்மேல்தான் ஒட்டப்பட்டிருக்கும். சீட்டை முழுக்கச் சாய்த்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கதவு வழியே போர்டை வெளியே எடுத்தார்கள். "மடக்கிராத, ஏல! மடங்குனா கோடு விழும். எந்தத் துணி போட்டாலும் அந்தக் கோடு வெளிய தெரியும்" என்று மருமகனை அதட்டினார் அண்ணாச்சி.

வெளியே வந்த போர்டில் துணியை ஓர் ஓரத்திலிருந்து இழுத்தார். எதிர்ப்பே இல்லாமல் உரிந்து வந்தது. துணியின் பின்பக்கமும் போர்டின் முகமும் கடலைமாவு தூவியதுபோல் மஞ்சளாக இருந்தன. விரலால் தொட்டேன். பொடி, அதோடு லேசான பிசுபிசுப்பு.

"இதான் சார் விஷயம். துணிக்கு ஒண்ணும் ஆகல, கம்மும் போகல. நடுவுல இருந்த ஃபோம் செத்துப் போச்சு" என்றார்.

அவர் சொன்னதன் வேதியியல் இது. கூரைத் துணியின் முதுகில் சில மில்லிமீட்டர் கனத்துக்குப் பாலியூரித்தேன் ஃபோம் சேர்ந்தே வரும். தொட்டால் மெத்தென்று இருக்கவும், போர்டின் மேடுபள்ளம் தெரியாமல் மறைக்கவும் அது வேண்டும். பாலியூரித்தேன் 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டது. அதில் ஒரு வகைக்குக் காற்றின் ஈரம் எமன்: நீர் மூலக்கூறு உள்ளே புகுந்து அதன் சங்கிலிகளை ஒவ்வொன்றாக வெட்டும். இன்னொரு வகை ஈரத்தைத் தாங்கும், ஆனால் ஆக்சிஜனிடமும் வெளிச்சத்திடமும் தோற்கும். வெப்பம் இரண்டையும் வேகப்படுத்தும். உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் 1960களின் ஃபோம் நாற்காலிகள் பொடிந்து உதிர்வதும் இதே காரணத்தால்தான். பங்குனி, சித்திரையில் தகரக் கூரை கை வைக்க முடியாதபடி கொதிக்கும். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டும். இரண்டையும் ஆண்டுதோறும் மாறி மாறி வாங்குகிறது செங்கோட்டைக் கார்.

ஆகவே தொங்கும் துணியைத் திரும்ப ஒட்டினால் நிற்காது. ஊசி குத்தி நிறுத்தலாம், ஸ்பிரே கம் அடிக்கலாம், இரண்டும் சில நாள் சமாளிப்புதான். செத்த ஃபோமில் கம் பிடிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. கம் நனைந்த இடத்தில் கறை வெளியே தெரியும்.

செய்ய வேண்டியது சுரண்டல். மருமகன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நைலான் பிரஷ்ஷை எடுத்தான். போர்டின் ஒவ்வொரு பள்ளத்திலும் தேய்த்து, தட்டி, மறுபடி தேய்த்தான். அழுத்தித் தேய்த்தால் போர்டின் மேல்தோல் பெயர்ந்துவிடும், மெதுவாகத் தேய்த்தால் பொடி தங்கிவிடும். முற்பகல் முழுக்க இந்த வேலையிலேயே போனது. கொட்டகைத் தரையில் மஞ்சள் படிந்தது. "துணி ஒட்டுதது பெரிய வேல இல்ல சார். பழச எடுக்கதுதான் வேல. அதுக்கு யாரும் கூலி தர மாட்டாங்க" என்றார் அண்ணாச்சி.

அடுத்தது கம். வீட்டில் மரத்துக்குப் போடுகிற வெள்ளை ஃபெவிக்கால் இதற்கு உதவாது, ஈரத்தில் இளகிவிடும். சூட்டைத் தாங்கும் ரப்பர் கம் வேண்டும். அதைப் போர்டிலும் புதுத் துணியின் ஃபோம் பக்கத்திலும் தனித்தனியாகப் பூசிக் காயவிடவேண்டும். புறங்கையால் தொட்டால் ஒட்டாமல், ஆனால் இழுக்கிற மாதிரி இருக்கிற பதம்தான் கணக்கு. அதற்கு முன்னால் ஒட்டினால் உள்ளே சிக்கிய கரைப்பான் குமிழியாகக் கிளம்பும். பிந்தினால் பிடிப்பே இருக்காது.

இங்கேதான் சாரல் குறுக்கே வருகிறது. கம்மில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பூசிய இடம் குளிரும். காற்றில் ஈரம் மிகுதியாக இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனிபோல் படியும். வெளுத்த ஏடு ஒன்று கட்டிக்கொள்ளும். அதன்மேல் எதை ஒட்டினாலும் ஆறு மாதத்தில் வாயைத் திறக்கும். வேலையைக் கொண்டுவந்த சாரலே வேலையைக் கெடுக்கவும் செய்கிறது. அண்ணாச்சி இரண்டு பெரிய பல்புகளைப் போர்டுக்குப் பக்கத்தில் எரியவிட்டார். தூறல் நிற்கும்வரை கம் டப்பாவைத் திறக்கவில்லை. வண்டிக்காரர் போனில் அவசரப்படுத்தினார். "வெயில் தலகாட்டட்டும் சார், நாளைக்குத் தாரேன்" என்பதுதான் பதில்.

தூறல் விட்டதும் துணியைப் பாதியாக மடித்து, நடுக்கோட்டிலிருந்து முன்பக்கம் நோக்கி உள்ளங்கையால் தடவி ஒட்டினார். அப்புறம் மறுபாதி. பள்ளங்களில் முதலில் துணியை உள்ளே தள்ளி அமர்த்திவிட்டுத்தான் மேட்டுக்கு வந்தார். இரண்டு மேடுகளுக்கு நடுவே துணியை விறைப்பாக இழுத்துவிட்டால் அன்றைக்கு அழகாக இருக்கும், முதல் வெயிலில் அந்த இடம்தான் கிளம்பும். நடு விளக்கின் ஓட்டையைக் கடைசியில் பெருக்கல் குறிபோல் கீறி, நுனிகளை உள்ளே மடித்துவிட்டார்.

அம்பாசடரின் கதை வேறு. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றி 1950களின் பிற்பகுதியில் பிறந்து, 2014 வரை உத்தர்பாராவில் தயாரான வண்டி அது. அதன் கூரையில் போர்டும் இல்லை, ஃபோமும் இல்லை. குதிரைக் கோச்சு கட்டியவர்களின் கைவழக்கம் அதில் மிச்சமிருக்கிறது. ரெக்சின் விரிப்பின் முதுகில் குறுக்காகக் குழல்கள் தைத்திருக்கும். ஒவ்வொரு குழலிலும் வளைந்த எஃகுக் கம்பி ஒன்று நுழையும். கம்பியின் இரு முனைகளும் கூரையின் பக்கச் சட்டத்துத் துளைகளில் உட்காரும். விரிப்பு தொங்குவதும் விறைப்பாக நிற்பதும் அந்தக் கம்பிகளால்.

"கம்பி எல்லாம் ஒண்ணுபோலத் தெரியும், ஒண்ணாகாது" என்றார் அண்ணாச்சி. ஒவ்வொன்றுக்கும் வளைவு வேறு. கழற்றும்போதே ஒவ்வொன்றிலும் டேப் சுற்றி எண் எழுதினான் மருமகன். பழைய ரெக்சினைத் தையல் பிரித்து மதினியிடம் கொடுத்தார்கள், அதுதான் புதியதற்கு மாதிரி. பழசு பல வருஷ வெயிலில் சுருங்கியிருக்கும் என்பதால் சுற்றிலும் ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டினார் மதினி. குழல் தைக்கும்போது அவர் பேசுவதில்லை. ஒரு குழல் கொஞ்சம் கோணினாலும் கம்பி இழுக்கிற இடத்தில் சுருக்கம் விழும். அதைப் பிறகு வேறு எதனாலும் சரிசெய்ய முடியாது.

இந்த வண்டியின் பக்க ஓரத்தில் பழுப்புக் கறை இருந்தது. அண்ணாச்சி அதைக் காட்டி, தைப்பதற்கு முன் டிங்கரிங் பட்டறைக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். சபரிமலை சீசனிலும் குற்றால சீசனிலும் கேரியர் கட்டி மூட்டை ஏற்றிய வண்டி. கேரியரின் கொக்கி கூரையோரத் தண்ணீர்க் கால்வாயைத்தான் கவ்விப் பிடிக்கும். பெயின்ட் போய்த் துரு ஏறி, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. ஒழுகலை அடைக்காமல் லைனிங் மாற்றுவது காசைக் கரியாக்குவது.

முன்னும் பின்னும் ரெக்சினின் ஓரம் கண்ணாடி ரப்பருக்கு அடியில் போய் முடிய வேண்டும். அதற்குக் கண்ணாடியையே எடுத்தாக வேண்டும், கழற்றுகிற வேகத்தில் கண்ணாடி கீறிவிடும் பயம் வேறு. பலர் ரப்பரைத் தூக்கி உள்ளே திணித்துவிடுகிறார்கள். அண்ணாச்சி கண்ணாடியை எடுப்பவர். புது ரெக்சினை வெயிலில் போட்டு இளக்கித்தான் ஏற்றுவார். வெயில் இல்லாத நாளில் ஹீட் கன். ஏற்றிய பிறகு மிச்சமிருக்கும் சிறு சுருக்கத்தைச் சித்திரை வெயில் எடுத்துவிடும்.

இந்தக் கம்பிக் கூரை வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். ரெடிமேட் சீட் கவர் வந்தபின் குஷன் கடைகளில் தையலே சுருங்கிவிட்டது. மருமகனுக்கு ஒட்டும் வேலை கைவந்துவிட்டது, குழல் தைக்க இன்னும் வரவில்லை. கற்றுக்கொள்ள அவனுக்கு அம்பாசடர் அடிக்கடி கிடைப்பதுமில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்களின் கணக்கும் புரியாததில்லை. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகள், அப்புறம் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. பிரேக், டயர், புகைச் சான்று எல்லாம் போகக் கூரைத் துணிக்குப் பணம் ஒதுக்குவது கடைசியில்தான். அந்தக் கடைசிப் பணத்திலும் பேரம் நடக்கிறது. துணி மீட்டர் என்ன, கம் டப்பா என்ன என்று கேட்கிறார்கள். சுரண்டிய அரை நாளுக்கு விலை கேட்பவர் இல்லை. விலை இல்லாத வேலையைச் சில கடைகள் செய்வதை விட்டுவிடுகின்றன. பழைய ஃபோமின் மேலேயே புதுத்துணி ஏறுகிறது, அடுத்த சாரலுக்குள் இறங்கியும் விடுகிறது.

அந்த அரை நாளின் இன்னொரு செலவு சுவாசத்தில் விழுகிறது. ஃபோம் பொடியும், சில போர்டுகளில் இருக்கும் கண்ணாடி இழையும், ரப்பர் கம்மின் டொலுவீன் போன்ற கரைப்பான் நெடியும் அந்தக் கொட்டகைக்குள்தான் சுற்றுகின்றன. தலை கிறுகிறுக்கும் என்று மருமகனே சொன்னான். துண்டு பொடியைக் கொஞ்சம் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரித்தூள் வடிப்பான் வைத்த முகமூடி வேண்டும், இரண்டு பக்கமும் திறந்த கொட்டகை வேண்டும். இரண்டும் பெரிய செலவில்லை.

உங்கள் வண்டியின் ரூஃப் இறங்கியிருந்தால், சாரல் முடிந்து வெயில் நிலைத்த பிறகு கொடுங்கள். கொடுக்கும்போது துணியின் நிறத்தைக் கேட்பதற்கு முன் இரண்டைக் கேளுங்கள்: பழைய ஃபோமை முழுக்கச் சுரண்டுவீர்களா, ஒழுகல் இருக்கிறதா என்று பார்ப்பீர்களா? ஆமாம் என்று சொல்லி ஒரு நாள் கூடுதலாகக் கேட்கிற கடையில் வண்டியை விடுங்கள். அந்த ஒரு நாளுக்கான கூலியில் பேரம் பேசாதீர்கள்.