கோல்கொண்டாவும் ஒரு நாற்காலியும்

ஹைதராபாத்துக்கு வரும் உறவினர்களை நாம் முதலில் அழைத்துச் செல்லும் இடங்கள் சார்மினாரும் கோல்கொண்டாக் கோட்டையுமே. நம் தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் ஏ. எஸ். ராவ் நகரைச் சுற்றிப் பார்க்க வாருங்கள் என்று நாம் எவரையும் அழைப்பதில்லை. அங்கே காண்பதற்கு என்ன இருக்கிறது? நெரிசல் மிகுந்த கடைவீதி, அடுக்கடுக்காக எழும்பிவிட்ட வீடுகள், சற்றுத் தள்ளிக் காப்ரா ஏரி, அவ்வளவே. ஆயினும் கையால் ஒரு மர நாற்காலி செய்யப்படுவதை இந்நகரிலே அருகிருந்து காணும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டிற்று. அதன் நுட்பங்களை அறிய முற்பட்டபோது, வழி மூசி நதிக்கரைக்கும், புதுவைக்கும், கடல் கடந்து அமெரிக்காவுக்கும் நீண்டது. அவ்வழியை நம் சங்கத்து அன்பர்களுக்கும் காட்ட விழைகிறோம்.

முதலில் இவ்வூரின் பெயரைப் பற்றி ஒரு சொல். 1914-ஆம் ஆண்டு ஆந்திர நாட்டில் பிறந்த அய்யகாரி சாம்பசிவ ராவ் அவர்கள், பம்பாயில் ஹோமி பாபாவுடன் பணியாற்றிய விஞ்ஞானி. அணுசக்திக்கு வேண்டிய மின்னணுக் கருவிகளை அயல்நாடுகளிலிருந்து வாங்கிக் கொண்டிராமல் நாமே செய்துகொள்ள வேண்டும் என்னும் உறுதியுடன், 1967-இல் ஹைதராபாத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் நிறுவனத்தைத் தொடங்கி வளர்த்தவர். 1972-இல் பத்மபூஷண் விருது பெற்றார், 2003-இல் மறைந்தார். அந்நிறுவனத்திலும் அதன் அருகே அமைந்த அணு எரிபொருள் வளாகத்திலும் வேலை பெற்றுத் தமிழகத்திலிருந்து வந்தோர் பலர். வந்தவர்கள் வீடு கட்டினர். பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். பின்னர் ஊரிலிருந்த பெற்றோரையும் அழைத்துக் கொண்டனர்.

அவ்வாறு வந்து சேர்ந்த தாயார் ஒருவர்தாம் இந்த நாற்காலிக்குக் காரணம். அவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் திண்ணையிலும் தரையிலும் அமர்ந்து பழகியவர். முழங்கால் வலியால் இனித் தரையில் அமர இயலாது என்ற நிலை வந்தது. கடையில் வாங்கிய சோபாவில் அமர்ந்தால் உடல் உள்ளே புதைந்துவிடும். எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டும். மகனும் மருமகளும் வெளியே சென்றிருக்கும் நேரங்களில், தண்ணீர் குடிக்க எழ வேண்டுமென்றாலும் அவர்கள் திரும்பி வரும்வரை அவர் காத்திருப்பார். தொழிற்சாலையில் கருவிகளோடு பழகி ஓய்வு பெற்ற அந்த மகன், தாம் அறிந்த தச்சர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தாயின் உடலுக்கு ஏற்ற நாற்காலி ஒன்றைத் தாமே செய்வதென்று துணிந்தார்.

மரம் எவ்வாறு உடலாக மாறுகிறது என்பதைக் காண விரும்புவோர் நம் நகரிலேயே உள்ள சாலார் ஜங் காட்சிசாலைக்குச் செல்லலாம். அங்கே ஒரே மரத்துண்டில் முன்புறம் மெபிஸ்டாபிலிஸ் என்னும் செருக்கு மிக்க சாத்தானும், பின்புறம் தலை குனிந்து நிற்கும் மார்கரெட்டா என்னும் மெல்லியலாளும் செதுக்கப்பட்டுள்ளனர். கதே எழுதிய பாஸ்ட் நாடகத்தின் பாத்திரங்கள் இவர்கள். பின்னால் நிறுத்திய கண்ணாடியில் மற்றோர் உருவைக் காணும்போது வியவாதவர் இல்லை. அதே காட்சிசாலையில், பிரெஞ்சு மன்னர் திப்பு சுல்தானுக்கு அனுப்பியவை என்று சொல்லப்படும் யானைத்தந்த நாற்காலிகளும் உள்ளன. கண்ணுக்கு அவை பெருவிருந்து. ஆனால் நம் நண்பர் அவற்றின் முன் நின்று, முழங்கால் வலியுள்ள ஒருவர் இதில் அமர்ந்து எழ முடியுமா என்றே எண்ணிக் கொண்டிருந்தார்.

ஹைதராபாத்துக்கும் நாற்காலிக்கும் உள்ள இன்னோர் உறவை நம்மிற் பலர் அறியார். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதி ஒன்றுக்குக் கோல்கொண்டா என்று பெயர். ஹைதராபாத் நிஜாமின் திவானாக இருந்த சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் கிடைத்த நன்கொடையே அதற்கு அடிப்படை; அந்நன்றியைக் குறிக்கவே நம்மூர்க் கோல்கொண்டாவின் பெயரை அதற்கு இட்டனர். கட்டடத்தை வரைந்தவர் அந்தோணின் ரேமண்ட் என்னும் சிற்பி. 1930-களின் பிற்பகுதியில் அங்கு தங்கி வேலையை மேற்பார்த்தவர் ஜார்ஜ் நாகஷிமா. இவர் 1905-இல் அமெரிக்காவில், ஜப்பானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். அவ்விடுதியின் அறைகளுக்கு வேண்டிய தேக்கு மரச் சாமான்களை அவர் வடிவமைத்தார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தர் என்று பெயர் சூட்டினார்.

பின்னர் அமெரிக்கா திரும்பிய நாகஷிமாவை, உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக 1942-இல் குடும்பத்தோடு முகாமில் அடைத்தனர். முகாமில் இருந்த ஜப்பானியத் தச்சர் ஒருவரிடம் அவர் கைக்கருவிகளின் நுட்பத்தைக் கற்றுக்கொண்டார். வெளியே வந்ததும் மரவேலையையே வாழ்க்கையாகக் கொண்டு, 1990-இல் மறையும்வரை அப்பணியைச் செய்தார். லெபனான் நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1916-இல் கலிபோர்னியாவில் பிறந்த சாம் மலூப் என்பவரும் இவ்வகையினரே. யாரிடமும் முறையாகப் பயிலாமல் தாமே கற்று, உடலின் வளைவுகளைப் போலவே வளைந்து குழைந்த நாற்காலிகளைச் செய்தார். அவருடைய ஆடும் நாற்காலிகள் வெள்ளை மாளிகையிலும் இடம் பெற்றன. புகழ் வந்த பின்னும் தம்மை மரவேலைக்காரர் என்றே அவர் சொல்லிக்கொண்டார்; 2009-இல் காலமானார். பிழைப்பு நாடி ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் கைத்தொழிலால் இவ்வளவு பெருமை அடைந்தனர் என்பது, நம்மைப் போன்ற குடியேறிகள் தம் மக்களுக்குச் சொல்லத் தக்க செய்தியன்றோ?

இனி வேலைக்கு வருவோம். புதிய மரத்தை வாங்காமல், இடிக்கப்பட்ட பழைய வீடொன்றின் தேக்குக் கதவை நண்பர் வாங்கினார். பல்லாண்டு காய்ந்த மரம் இனி அதிகம் முறுக்காது, வெடிக்காது. ஆனால் பழைய மரத்தில் ஆணிகள் ஒளிந்திருக்கும். ஓர் ஆணி போதும், உளியின் வாய் மழுங்கிவிடும். ஆகவே காந்தக் கல்லை மரத்தின் மேல் நகர்த்தி, ஆணிகளைக் கண்டு பிடுங்கிய பின்னரே ரம்பம் வைத்தனர்.

அடுத்தது அளவு. தாயாரைக் கட்டிலின் ஓரத்தில் அமர்த்தி, பாதத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்தபோது 15 அங்குலம் இருந்தது. எழுவது எளிதாகும் பொருட்டு இருக்கையை 16 அங்குல உயரத்தில் வைத்தனர். கடை நாற்காலிகள் பெரும்பாலும் 17, 18 அங்குலம் உயரமுடையவை. அவற்றில் அமர்ந்தால் குள்ளமானவர்களின் பாதம் தரையில் ஊன்றாது. இருக்கையின் ஆழத்தையும் குறைத்து, முழங்காலுக்குப் பின்னே மூன்று விரல் இடம் விட்டனர். எழும்போது பாதங்களைப் பின்னுக்கு இழுத்து ஊன்ற வேண்டுமாதலால், முன் கால்களுக்கு இடையே குறுக்குச் சட்டம் வைக்கவில்லை. பக்கங்களில் மட்டுமே வைத்தனர். கைப்பிடிகளை இருக்கையின் முன் விளிம்பு வரை நீட்டி, உள்ளங்கை பற்றுவதற்கு ஏற்ற குமிழாக முடித்தனர். ஆடும் நாற்காலி அழகானதுதான்; ஆனால் தள்ளாடும் கால்களுக்கு அசையாத நான்கு கால்களே நலம் என்று தீர்மானித்தனர்.

கால்களையும் சட்டங்களையும் ஆணியின்றிக் கழுந்தும் துளையுமாகப் பொருத்தினர். அமர்பவரின் பாரமும் எழுபவரின் உந்துதலும் இப்பொருத்துகளின் மேலேயே விழுகின்றன. துளை சற்றே தளர்ந்தாலும் நாளடைவில் நாற்காலி ஆடத் தொடங்கும். அதன் பிறகே செதுக்கு வேலை. இருக்கையில் உடல் பொருந்துமாறு அரை அங்குலக் குழிவு கொடுத்தனர். அதற்கு மேல் குழித்தால் எழுவது கடினமாகும். உளியால் செதுக்கி, அரத்தால் தேய்த்து, உப்புத்தாளால் வழவழப்பாக்கினர். நாரின் போக்கிலே உளி சென்றால் மரம் சுருள் சுருளாக இணங்கி வரும்; எதிர்த்துச் சென்றால் சிலும்பிக் கிழியும். இறுதியில் ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் பூசினர். இவ்வெண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்திய பிறகே எறிய வேண்டும் என்பதை வீட்டில் இவ்வேலை செய்வோர் மறக்கலாகாது.

தெலுங்கு பேசும் அத்தச்சரும் தமிழரான நண்பரும் ஒருவர் மொழியை ஒருவர் அரைகுறையாகவே அறிந்தவர்கள். ஆயினும் உளியை அவர் உலி என்றபோது விளக்கம் தேவைப்படவில்லை. நாற்காலியை அவர் குர்ச்சி என்பார். நாம் அதன் கால்களை எண்ணிப் பெயர் வைத்திருப்பதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். தம் பிள்ளைகள் இருவரும் இத்தொழிலுக்கு வரவில்லை என்பதையும் அவரே கூறினார். இயந்திரத்தில் வெட்டிய பலகைகளை இணைத்துக் கொடுக்கும் கடைகளோடு கூலியில் போட்டியிட முடிவதில்லையாம். முழுதும் கையால் செய்யச் சொல்லித் தம்மிடம் ஒருவர் வந்து சில ஆண்டுகள் ஆயின என்றார்.

நாற்காலி வீட்டுக்குள் வந்த அன்று நாமும் அங்கிருந்தோம். தாயார் அதைத் தடவிப் பார்த்தார், அமர்ந்தார், சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தார். பின்னர் எழ முற்பட்டபோது, வழக்கம்போல் மருமகள் கையை நீட்டினாள். “இரும்மா, நானே பார்க்கிறேன்” என்று சொல்லி, இரு குமிழ்களையும் பற்றி, மெல்ல எழுந்து நின்றார். பிறகு தாமாகவே அடுக்களைக்கு நடந்து சென்று, எங்களுக்குக் காப்பி கலக்க ஆள் யார் என்று விசாரித்தார்.

நம் சங்கத்து வீடுகளிலும் முதியோர் பலர் இருக்கின்றனர். அவர்கள் அமரும் ஆசனத்தின் உயரம் அவர்கள் காலுக்குப் பொருந்துகிறதா, எழும்போது பற்றிக்கொள்ளப் பிடி உண்டா என்பதை அன்பர்கள் ஒருமுறை நாடாவை எடுத்து அளந்து பார்க்க வேண்டும். பொருந்தவில்லையெனில், கடைக்கு ஓடுமுன் அக்கம்பக்கத்தில் கைத்தச்சர் எவரேனும் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் கேட்கும் கூலி கடை விலையினும் மிகலாம். எனினும் அதில் அவருடைய அடுப்பும் எரியும், நம் பெற்றோரின் காலும் தரையில் ஊன்றும்.