திறவுகோலை யாரிடம் கொடுப்பது?

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் நிதி நிறுவனங்கள் முறிந்த செய்திகளைப் பலமுறை எழுதியிருக்கின்றேன். வைப்பிலிட்டவர்கள் பூட்டிய கதவின் முன்னே நிற்பார்கள். அங்கே முறையிடுவதற்கு ஒரு கதவாவது இருந்தது. பிட்கொயினைத் தானே வைத்திருந்து தொலைப்பவனுக்கு அதுவும் இல்லை.

பிட்கொயின் எவருடைய கைப்பேசிக்குள்ளும் இருப்பதில்லை. எந்த முகவரிக்கு எவ்வளவு என்ற பேரேடு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் பரவிக் கிடக்கின்றது. உரிமையாளரிடம் இருப்பது அதனைச் செலவிடும் இரகசியத் திறவுகோல் மட்டுமே. எனவே நாணயத்தை எங்கே வைப்பது என்பது, திறவுகோலை யாரிடம் வைப்பது என்ற கேள்விதான்.

பரிமாற்ற நிலையத்திடம் விடுவது இலகு. கடவுச்சொல்லை மறந்தாலும் மீட்டுத் தருவார்கள். ஆனால் திறவுகோல் அவர்களுடையது. டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் கொக்ஸ், ஏறக்குறைய 850,000 பிட்கொயின்கள் காணாமற்போயின என 2014இல் அறிவித்தது. அவற்றுள் சுமார் 200,000 பின்னர் அகப்பட்டன. வாடிக்கையாளருக்குப் பிட்கொயினாகத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது 2024 ஜூலையில்தான். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் வங்குரோத்தானது. வாடிக்கையாளர் பணம் வேறு காரியங்களுக்குத் திருப்பப்பட்டமை பின்னர் நீதிமன்றில் நிரூபணமாயிற்று.

அப்படியானால் தானே வைத்திருப்பதா? இணையத்தோடு இணையாத சிறு கருவியொன்றில் திறவுகோலைப் பூட்டி, 12 அல்லது 24 மீட்புச் சொற்களைத் தாளில் எழுதி வைப்பது வழமை. தொலைவிலிருக்கும் திருடன் அதனை எளிதில் நெருங்கமாட்டான். ஆனால் நெருப்பும் வெள்ளமும் கறையானும் நெருங்கும். வேல்ஸின் நியூபோர்ட் நகரில் ஒருவரது வன்தட்டு 2013இல் குப்பையோடு போய்விட்டது. அதில் சுமார் 8,000 பிட்கொயின்களுக்கான திறவுகோல் இருந்ததாக அவர் கூறுகின்றார். குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கோரிய அவரது வழக்கை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

மூன்று திறவுகோல்களுள் இரண்டு சேர்ந்தால்தான் திறக்கும் என்ற ஏற்பாடும் உண்டு. ஒன்று தொலைந்தாலும் பணம் தொலையாது. ஒன்று திருடப்பட்டாலும் திருடனுக்குப் பயனில்லை. எனினும் 2025 பெப்ரவரியில் பைபிட் நிலையத்தில் பலர் ஒப்பமிடும் இத்தகைய ஏற்பாட்டையும் மீறி, ஏறக்குறைய 150 கோடி டொலர் பெறுமதியான ஈதர் களவாடப்பட்டது. ஒப்பமிட்டவர்களின் திரையில் தெரிந்தது ஒன்று, அவர்கள் ஒப்பமிட்டது வேறொன்று.

கனடாவிலுள்ள என் மருமகன், தனது 24 சொற்களின் பிரதியொன்றை என்னிடம் தருவதாகச் சென்ற மாதம் கூறினான். "மாமா, ஒருதருக்கும் காட்டவேண்டாம். தொலைக்கவும் வேண்டாம்" என்றான். நான் மறுத்தேன். அச்சொற்களைக் காண்பவர் எவரோ அவரே உரிமையாளராகிவிடலாம். பாதி பாதியாகப் பிரித்து வைத்தாலோ, ஒரு பாதி தொலைந்தாலே எல்லாம் தொலைந்தது.

"உன் மனைவிக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றான்.

திருடனுக்கு அஞ்சி மறைப்பவர்கள் தமது மரணத்தை மறந்துவிடுகின்றார்கள். மூன்று திறவுகோல் முறைக்கு மாறி, ஒன்றை மனைவியிடம் கொடுத்து, மற்றொன்றைச் சட்டத்தரணியிடம் ஒப்படைக்குமாறு சொன்னேன். எழுபதைக் கடந்த மாமனைவிட, அவனோடு வாழ்பவளுக்கு அந்தப் பணம் இருப்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.