அடுத்த பங்க் 365 கி.மீ.! அடுத்த பஞ்சர் கடை?

மணாலியிலிருந்து லே நோக்கி பைக்கில் போகிறவர்கள் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அது பனிமலையோ, ஏரியோ, கோயிலோ கிடையாது. ஒரு பெட்ரோல் பங்க்.

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில், சந்திரா, பாகா என்ற இரண்டு ஆறுகள் கூடும் சின்ன ஊர் அது. தமிழர் நாக்கில் அதன் பெயர் 'தாண்டி' என்றே உருண்டுவிடும். பொருத்தமான பெயர்தான். அங்கே வைக்கப்பட்ட ஒரு பலகை பைக் பயணிகள் நடுவே வெகு பிரபலம்: 'அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டர்.'

அதைப் படித்ததும் எல்லோரும் டேங்கை நிரப்புகிறார்கள். கேனிலும் பெட்ரோல் பிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள். ஆனால், அந்தப் பலகை சொல்லாமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. நடுவழியில் டயர் பஞ்சரானால்?

டியூப் இருக்கும் சக்கரம்

இந்தச் சாலையில் ஓடும் பைக்குகளில் ஏராளமானவை ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். பெயரில் இமயம் இருந்தாலும் பிறந்த மண் நம்முடையது. 2016-ல் அறிமுகமான இந்த வண்டி சென்னைக்கு அருகே ஒரகடம் தொழிற்சாலையில் தயாரானது. முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 17 அங்குலம். மண்பாதையில் ஓட்டும் டர்ட் பைக்குகளைப் போலவே ஸ்போக் கம்பி கட்டிய சக்கரங்கள்.

கரடுமுரடான பாதைக்கு ஸ்போக் சக்கரம்தான் தோது. பள்ளத்தில் விழுந்தால் கம்பிகள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அலாய் சக்கரம் போல விரிசல் விடாது. ஆனால், ரிம்மில் ஸ்போக் நுழையும் ஒவ்வொரு துளையும் காற்று கசியும் வழி. அதனால் உள்ளே டியூப் வேண்டும். புதிய மாடல்கள் சிலவற்றில் டியூப்லெஸ் ஸ்போக் சக்கரம் வந்துவிட்டது. என்றாலும் சாலையில் இருக்கும் பழைய வண்டிகள் பெரும்பாலும் டியூபை நம்பித்தான் ஓடுகின்றன.

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால், சக்கரத்தைக் கழற்றாமலே ரப்பர் திரியைச் செருகிக் கிளம்பிவிடலாம். டியூப் டயரில் அது நடக்காது. சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, டியூபை வெளியே எடுத்தால்தான் வேலை. நம் தெருமுனை பஞ்சர் கடை அண்ணன் டீ ஆறுவதற்குள் முடித்துக் கொடுக்கும் வேலை இது. மணாலி - லே சாலையில் தெருமுனை கிடையாது!

சுரங்கத்துக்கு அப்பால்

மணாலியிலிருந்து லே சுமார் 430 கிலோமீட்டர். முன்பு ரோதாங் கணவாயை ஏறி இறங்கித்தான் லாஹௌலுக்குள் நுழைய வேண்டும். 2020 அக்டோபர் 3-ல் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை, அந்த ஏற்றத்தைப் பயணக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. தேவதாரு மரங்களும் ஈரக்காற்றுமாகச் சுரங்கத்துக்குள் நுழைகிறவர்கள், மறுமுனையில் வறண்ட, அகன்ற பள்ளத்தாக்கில் வெளியே வருகிறார்கள்.

சிஸ்ஸு, தாண்டி, கேலாங், ஜிஸ்பா வரை ஊர் என்று சொல்ல ஏதாவது இருக்கும். உருளைக்கிழங்கு வயல், பட்டாணி வயல், மெக்கானிக் கடை, விடுதி எல்லாம் தென்படும். டார்ச்சாவைத் தாண்டினால் மரங்கள் நின்றுவிடும். சுமார் 4,890 மீட்டர் உயரத்தில் பாராலாச்சா கணவாய். அதை ஒட்டி, பாகா ஆறு பிறக்கும் சூரஜ் தால் ஏரி. இறங்கினால் சர்ச்சூ சமவெளி.

அதற்கு மேல் இருப்பதெல்லாம் கோடை மாதங்களில் மட்டும் முளைக்கும் தாபாக் கூடாரங்கள். சூடான டீ, மேகி, ராஜ்மா சாதம், ராத்திரி படுக்கக் கனத்த ரஜாய் கிடைக்கும். லாரி டயரைக் கழற்றிப் பழகிய கை ஒன்று கிடைத்தாலும் கிடைக்கலாம். 21 அங்குல டியூப் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. செல்போன் சிக்னலும் நெடுந்தூரத்துக்கு இல்லை.

இன்று இந்தச் சாலையின் பெரும்பகுதியில் எல்லைச் சாலைகள் அமைப்பு தார் போட்டுவிட்டது. ஆனாலும் நிலச்சரிவில் உருண்ட கூர்க்கல், பனி உருகி ஓடும் ஓடைகள், அவை அரித்த பள்ளங்கள் ஆகியவை வருடா வருடம் புதிதாக வந்து சேரும். காலையில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர், வெயில் ஏறப் பனி உருகி, மதியத்துக்கு மேல் முழங்காலைத் தொடும். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கல் கண்ணுக்குத் தெரியாது. டயரில் காற்று குறைவாக இருக்கும்போது அப்படி ஒரு கல்லில் இடித்தால், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கும். பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். பாம்புக்கடி என்றே இதற்குப் பெயர்.

தண்ணீர் பாட்டில் வைக்கும் வளைவு

சர்ச்சூவுக்கு அப்பால் காட்டா லூப்ஸ். ஒரே மலைச்சரிவில் 21 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஓரிடத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள் குவிந்து கிடக்கும். குப்பை என்று நினைத்துவிட வேண்டாம், அது காணிக்கை.

டிரைவர்கள் சொல்லும் கதை இது. முன்னொரு காலத்தில், சாலை மூடப்போகும் பனிக்காலத் தொடக்கத்தில், ஒரு லாரி அங்கே பழுதாகி நின்றது. உதவி தேடி டிரைவர் நடந்து போனார். உடம்பு சரியில்லாத கிளீனர் வண்டிக்குக் காவலாக இருந்தார். பனி கொட்டியது. உதவி வந்து சேர்வதற்குள் பல நாள் ஆகிவிட்டது. தாகத்திலும் குளிரிலும் கிளீனர் இறந்துபோனார். அவர் ஆவி இன்னும் தண்ணீர் கேட்கிறது என்ற நம்பிக்கையில்தான் போகிறவர்கள் பாட்டில் வைக்கிறார்கள்.

பேயை நம்பாதவர்களும் கதையின் மிச்சத்தை நம்பலாம். இந்த உயரத்தில் வண்டி நின்றுபோவது வெறும் தாமதம் இல்லை. மாலை ஆனதும் வெப்பம் மளமளவென்று இறங்கும். தலைவலி, குமட்டல் என்று உயரத்தின் உபாதை தொடங்கியிருந்தால், உடனே கீழே இறங்குவதுதான் மருந்து. இறங்க வண்டி ஓட வேண்டும். வண்டி ஓட டயரில் காற்று வேண்டும்.

வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அதனால்தான் அனுபவப்பட்ட பைக் பயணிகள், மணாலிக்குக் கிளம்பும் முன்பே வீட்டு வாசலில் ஒருமுறை டயரைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிடுகிறார்கள். முதல்முறை இரண்டு மணி நேரம் ஆனாலும் தவறில்லை. பக்கத்தில் காபி இருக்கிறது, கைதவறினால் பஞ்சர் கடை இருக்கிறது.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸில் நட்டைக் கழற்றிச் சக்கரத்தை உருவ வேண்டும். எந்தப் பக்கம் எந்த புஷ் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கை அழுத்தக் கூடாது. உள்ளே இருக்கும் பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். சக்கரத்தைக் கீழே கிடத்தும்போது டிஸ்க் தரையில் படாமல், அடியில் ஒரு பழைய டயரையோ சாக்கையோ போட வேண்டும்.

வால்வுக்குள் இருக்கும் சின்ன ஊசியைத் திருகி எடுத்தால் மிச்சக் காற்றும் போய்விடும். ரிம்மைக் கவ்விப் பிடித்திருக்கும் டயரின் ஓரத்தைப் பிரிப்பது அடுத்த வேலை. காலால் மிதித்து வராவிட்டால், இன்னொரு பைக்கின் சைடு ஸ்டாண்டை டயர் மேல் ஊன்றி அந்த வண்டியைச் சாய்த்தால் 'டப்'பென்று விட்டுக்கொடுக்கும். மண்பாதைப் பந்தய வண்டிகளில் ரிம் லாக் என்று ஒரு பிடி இருக்கும். குறைந்த காற்றில் ஓடும்போது டயர் ரிம்மில் வழுக்கிச் சுற்றி வால்வைப் பிய்த்துவிடாமல் காப்பது அது. இருந்தால், அதை முதலில் தளர்த்த வேண்டும்.

இனி ரகசியம் ஒன்றுதான். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் டயரின் ஓரத்தை முழங்காலால் அந்தப் பள்ளத்தில் அழுத்தி வைத்தால், இந்தப் பக்கம் டயர் தளர்ந்து கொடுக்கும். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, இரண்டு மூன்று லீவர்களால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினால் போதும். பலத்தைக் காட்டினால் டயர் ஜெயிக்கும்; பள்ளத்தைப் பயன்படுத்தினால் ஆள் ஜெயிக்கலாம்.

டியூபை எடுத்ததும் புது டியூபைத் திணிக்க அவசரப்படக் கூடாது. டயரின் உட்புறத்தை ஒரு துணியால் மெல்லத் துடைத்தால், ஒளிந்திருக்கும் ஆணியோ முள்ளோ துணியில் மாட்டும். அதை எடுக்காமல் மூடினால் பத்தே நிமிடத்தில் அடுத்த பஞ்சர். ரிம்மைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டை நகர்ந்து ஸ்போக் முனை நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

புது டியூபில் உருண்டை வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்து, மேலே முகப்பவுடர் தூவி உள்ளே வைத்தால் மடியாது, முறுக்காது. மாட்டும்போது கடைசிப் பகுதி வால்வுக்குப் பக்கத்தில் முடியட்டும். முடிக்கும் முன் வால்வை உள்நோக்கி ஒரு தள்ளு தள்ளினால், இடுக்கில் டியூப் சிக்கியிருந்தால் விலகிவிடும். வீட்டில் மாற்றிப் பழகுகிறவர்கள் புது டியூபைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிச் சாண் தூரத்தில்தான், லீவரை ஆழமாக விட்டு.

காற்றடித்த பின் டயரின் ஓரத்தில் தெரியும் மெல்லிய கோடு, ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். வால்வு நேராக நிற்க வேண்டும். அதன் நட்டை ரிம்மோடு இறுக்காமல் மூடிப் பக்கம் விட்டுவைத்தால், பின்னால் டியூப் நகர்ந்தாலும் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும்.

பாதி மூச்சு, இரட்டிப்பு வேலை

வீட்டு வாசலுக்கும் இமயத்துக்கும் வித்தியாசம் உண்டு. சென்னை வெயிலில் அரை மணி நேரம் வைத்த டயர் சொன்னபடி வளையும். சர்ச்சூவின் காலைக் குளிரில் அதே டயர் முறுக்கிக்கொண்டு நிற்கும். அதையும் வெயிலில் சற்றுக் காயவைத்துத்தான் தொட வேண்டும்.

காற்று விஷயம் இன்னும் விசித்திரம். லேவுக்கு முந்தைய கடைசிக் கணவாயான தங்லங் லா சுமார் 5,300 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஒவ்வொரு முறை ஹேண்ட் பம்பை அழுத்தும்போதும் பாதிக் காற்றுதான் உள்ளே போகும். ஊரில் 150 அழுத்தில் நிரம்பிய டயருக்கு இங்கே 300 வேண்டும். அழுத்துகிறவருக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனும் பாதிதான். பத்து அழுத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து மூச்சு வாங்கினால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பையில் இடம் குறைவு என்றால், 21 அங்குல டியூப் ஒன்றாவது இருக்கட்டும். ஆபத்துக்கு அதையே 17 அங்குலப் பின் டயருக்குள்ளும் மடித்துப் போட்டு, அடுத்த ஊர் வரை மெதுவாக ஓட்டிவிடலாம்.

பிரிக்காத பொட்டலம்

இந்தத் தொல்லை புதியது இல்லை. 1889-ல், பிரான்ஸின் கிளேர்மோன் ஃபெராங் நகரில் இருந்த மிஷ்லின் சகோதரர்களின் தொழிற்சாலைக்குப் பஞ்சரான சைக்கிளோடு ஒருவர் வந்தார். அன்றைய டயர் ரிம்மோடு ஒட்டப்பட்டிருந்தது. பிரித்துச் சரிசெய்ய மூன்று மணி நேரம் ஆனது. பசை காய ஒரு ராத்திரி வேறு. சலித்துப்போன எதுவார் மிஷ்லின், கழற்றி மாட்டக்கூடிய டயரை உருவாக்கினார். 1891-ல் அதை மாட்டிக்கொண்டு ஓட்டிய ஷார்ல் தெரோன், பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸ் சைக்கிள் பந்தயத்தில் வென்றார். நிபுணர் இல்லாத இடத்திலும் ஓட்டுகிறவரே கழற்றி மாட்ட முடிய வேண்டும் என்பதற்காகத்தான் டயர் இன்றைய வடிவத்துக்கு வந்தது. இன்று அந்த வேலையைப் பஞ்சர் கடைக்குக் கொடுத்துவிட்டு நாம் மறந்துவிட்டோம்.

தங்லங் லாவிலிருந்து இறங்கினால் ரும்சே. மண்சுவர் வீடுகள், பார்லி வயல், பாப்லர் மரங்கள் என்று பச்சை திரும்பி வருகிறது. உப்ஷியில் சிந்து நதி கூட வந்து சேர்ந்துகொள்கிறது. எதிர்ப்படுகிறவர்கள் "ஜூலே" என்கிறார்கள். வணக்கமும் அதுவே, நன்றியும் அதுவே.

லே கடைத்தெருவில் பஞ்சர் கடைகள் உண்டு. அதுவரை வந்தவர்களில் பலருடைய பையில், கட்டிக்கொண்டு வந்த டியூப் பொட்டலம் பிரிக்கப்படாமலே இருக்கும். பாரம்தான், ஆனால் வீண் இல்லை. வழியில் ஓரமாக நிற்கும் யாரோ ஒருவரின் பைக்கைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, "என்ன ஆச்சு?" என்று கேட்கும் தைரியம் அந்தப் பொட்டலத்திலிருந்தும், வீட்டு வாசலில் கழித்த அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தும்தான் வருகிறது.