வானத்தில் ஒரு நார்

தை 3, இரவு

அலங்காநல்லூரிலிருந்து வீடு திரும்பி, தலையில் படிந்த புழுதி போகக் குளித்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. மதுரையில் 18 வருஷமாகக் கல்யாணப் படம் எடுக்கிறவர் அவர். ஜல்லிக்கட்டுக்காக வருஷத்தில் 3 நாட்களை மட்டும் எந்த ஆர்டருக்கும் கொடுப்பதில்லை. பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கலுக்குப் பாலமேடு, காணும் பொங்கலுக்கு அலங்காநல்லூர்.

காளைகள் பாய்ந்து வரும் படங்களில் ஒரு குறையும் இல்லை. கடைசியில், கூட்டம் கலைகிற நேரத்தில், களத்தையும் கேலரியையும் மேலே வெறும் வானத்தையும் சேர்த்து அகலமாக எடுத்த சில படங்களில்தான் அது கண்ணில் பட்டது. இடது மேல் பக்கம், வளைந்த ஒரு சின்னக் கோடு. பறவையோ என்று அடுத்த படத்தைத் திறந்தார். அதே இடம், அதே வளைவு. அதற்கடுத்த படத்திலும் அப்படியே இருந்தது. பறவை என்றால் பறந்திருக்கும்.

காரணம் அவருக்கே தெரியும். வாடிவாசலுக்கு அருகில் நின்றுகொண்டு மத்தியானம் இரண்டு முறை லென்ஸ் மாற்றினார். மாடும் வீரரும் விழுந்தால் அடிபடாமல் இருக்க அந்தத் தரையில் தென்னை நார்க்கழிவைக் கனமாகப் பரப்பியிருப்பார்கள். ஒவ்வொரு காளை ஓடும்போதும் அது கிளம்பிக் காற்றோடு மிதக்கும். லென்ஸைக் கழற்றிய அந்தச் சில நொடிகள் போதும்.

கேமராவுக்கு ஆனதையும் ஆகாததையும் தேதி போட்டு எழுதிவைக்க அவரிடம் ஒரு டைரி உண்டு. அன்றிரவு எழுதியது ஒரே வரி: "வானத்தில் நார். இடது மேல்."

தை 4, காலை

முதலில் சோதனைப் படம். வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவருக்கு எதிரில் நின்று, ஐஎஸ்ஓ 100, எஃப் 22, ஃபோகஸைக் கையால் கெடுத்துவைத்து, ஷட்டர் ஒரு நொடிக்கு மேல் திறந்திருக்கும்போது கேமராவை வேண்டுமென்றே அசைத்தார். பார்க்கிறவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். ஆனால் அசைத்தால் சுவரின் கறையும் கீறலும் குழைந்து மறைந்துவிடும். சென்சாரோடு சேர்ந்தே நகரும் தூசி மட்டும் கூர்மையாக நிற்கும். சுவரில் இருப்பது எது, கேமராவுக்குள் இருப்பது எது என்று பிரித்துச் சொல்ல இதைவிட எளிய வழி கிடையாது.

கணினியில் கான்ட்ராஸ்டை ஏற்றிப் பார்த்ததும் நாரோடு பதினொரு புள்ளிகள் எழுந்து வந்தன.

காளைப் படங்களில் இவை ஏன் தெரியவில்லை? தூசி சென்சாரின் மேல் உட்காருவதே இல்லை. சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் கண்ணாடித் தகடு ஒன்று இருக்கிறது. தூசி அதன் மேல் இருந்துகொண்டு நிழலை மட்டும் கீழே அனுப்புகிறது. இடைவெளி 1 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், எஃப் 22-ல் அந்த நிழலின் விளிம்பு 0.05 மி.மீ.க்கும் குறைவாகவே கலங்கும். காளைப் படங்களைப் போல அகலத் திறந்த எஃப் 2.8-ல் அது 0.36 மி.மீ. வரை பரந்து கரைந்துவிடும். அவருடைய 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.006 மி.மீ. அப்படியானால் முதலாவது எட்டு பிக்சலுக்குள் அடங்கும் கூர்மை. இரண்டாவது அறுபது பிக்சலுக்குப் பரவிய மங்கல். அகன்ற துவாரங்களிலேயே வேலை பார்க்கிற கல்யாணப் படக்காரர்கள் மாதக்கணக்கில் தூசியைக் கவனிக்காமல் இருப்பதும், ஒரு கோயில் கோபுரத்தை நீல வானத்தோடு எஃப் 16-ல் எடுத்த அன்றைக்கே பதறுவதும் இதனால்தான்.

தை 4, பகல்

சர்வீஸுக்கு அனுப்பலாமா? சென்னைக்குப் போய் வர நான்கைந்து நாள் ஆகும். எட்டாம் தேதி முகூர்த்தம். போன வருஷம் அவசரத்துக்கு ஒரு கடையில் கொடுத்து, புள்ளி போய் அதற்குப் பதிலாக நீளமான துடைத்த தடத்தோடு கேமராவை வாங்கி வந்த அனுபவமும் அவருக்கு இருக்கிறது. எந்தத் துணியால் துடைத்தார்கள் என்று கேட்டதற்கு அங்கே யாருக்கும் பதில் தெரியவில்லை. அன்றைக்குத்தான் இதைத் தானே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தார்.

உதவிக்கு இருக்கும் தம்பி கேமராவைக் கையில் எடுத்து, மவுண்டுக்குள் எட்டிப் பார்த்து, உதட்டைக் குவித்தான்.

"அண்ணே, வாயால ஒரு ஊது ஊதிரவா? போயிரும்."

"டேய், வச்சிரு. எச்சி தெறிச்சா அப்புறம் அதத் தொடைக்க வேற ஆள் தேடணும்."

எச்சில் காய்ந்தால் உப்பும் புரதமும் படிந்த கறை ஆகிவிடும். காற்றால் அது கிளம்பாது. அழுத்தக் காற்று அடைத்த டப்பாக்களும் இதே வகை ஆபத்து. சாய்த்துப் பிடித்தால் உள்ளிருக்கும் திரவமே பீய்ச்சி அடித்து, தகட்டை உறையவைத்துக் கறையும் போட்டுவிடும். இந்த இரண்டையும் வீட்டில் எவரும் செய்யவே கூடாது என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் முதலில் தோன்றும் யோசனைகள் இவைதான்.

ஃபிலிம் காலத்தில் இந்தத் தொல்லை இப்படி இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் புதிய ஃபிலிம் துண்டு வந்து நிற்கும்; தூசி விழுந்தாலும் அந்தப் படத்தோடு அது போய்விடும். சென்சார் நகராது. 2003-ல் ஒலிம்பஸ் தன்னுடைய இ-1 கேமராவில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் தகட்டை மீயொலி அதிர்வெண்ணில் அதிரவைத்துத் தூசியை உதறும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கேனான் 2006-ல் 400டி மாடலிலும், நிக்கான் 2007-ல் டி300 மாடலிலும் அதே பாதைக்கு வந்தன. இன்றைக்கு அநேகமாக எல்லாக் கேமராவிலும் இது இருக்கிறது. காய்ந்த தூசிக்கு நல்ல மருந்து, பிசுபிசுப்புக்கு உதவாது.

மென்பொருளில் புள்ளியை அழிக்கலாமே என்று தம்பி கேட்டான். ஒரு படத்துக்குச் சரி. இரண்டாயிரம் படங்களில் அதே இடத்தில் ஒன்றில் வானமும் இன்னொன்றில் மணப்பெண்ணின் கன்னமும் வரும்போது கணினி கன்னத்தையும் சேர்த்துக் குழப்பும். வீடியோவில் அந்த வேலையே பெரும்பாடு.

தை 5, அதிகாலை

இந்த வேலைக்கு அவர் தேர்ந்தெடுக்கும் நேரம் அதிகாலை. முந்தின இரவே அறையை ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டார். விசிறி இறக்கையின் மேல் சேர்ந்திருக்கும் தூசிதான் வீட்டிலேயே மோசமானது. குளித்ததும் வழக்கம்போல நெற்றியில் இட்ட விபூதியை மேஜைக்கு வருமுன் துண்டால் ஒற்றி எடுத்தார். குனிந்து பார்க்கிற வேலை. ஒரு பொடி உதிர்ந்தாலும் நேராக உள்ளே போய்விடும்.

பேட்டரி முழுசாக ஏற்றியிருந்தது. பழைய எஸ்எல்ஆர் கேமராவில் கண்ணாடியைத் தூக்கி நிறுத்தும் 'கிளீனிங்' மெனுவை மட்டுமே பயன்படுத்த வேண்டும். பல்ப் மோடில் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் உண்டு. விரல் நழுவினாலோ பேட்டரி தீர்ந்தாலோ ஷட்டர் திரை வந்து, துடைக்கும் குச்சியான ஸ்வாப்பின் மேல் விழும். ஷட்டர் இதழ்கள் காகிதத்தைப் போன்றவை, வளைந்தால் வளைந்ததுதான். அவருடைய மிரர்லெஸ் கேமரா அணைத்தவுடன் ஷட்டரை மூடிக்கொள்ளும்படி வைக்கப்பட்டிருந்தது. அதை மெனுவில் மாற்றிய பிறகே அணைத்தார்.

லென்ஸைக் கழற்றுமுன் வெளி உடம்பையும், மவுண்டைச் சுற்றிய விளிம்பையும், லென்ஸின் பின் கண்ணாடியையும், மூடியையும் துடைத்தார். உள்ளே மட்டும் சுத்தம் செய்து அழுக்கு மூடியைப் போட்டு மூடினால் செய்தது அத்தனையும் வீண்.

பிறகு பக்கவாட்டிலிருந்து சின்ன எல்இடி டார்ச், கண்ணில் ஒரு லூப் பூதக்கண்ணாடி. படத்தில் இடது மேலே இருந்த நார், முன்னாலிருந்து பார்க்கும்போது சென்சாரின் இடது கீழே இருக்க வேண்டும். லென்ஸ் காட்சியைத் தலைகீழாக விழவைக்கிறது, எதிரிலிருந்து பார்ப்பதால் இடம் வலம் மட்டும் மறுபடி நேராகிவிடுகிறது. அங்கேயே கிடந்தது. பச்சையும் ஊதாவுமாக மினுங்கும் தகட்டின் மேல் செம்பழுப்பில், மயிரைவிட மெல்லிசாக, ஒரு முனை மட்டும் தூக்கிக்கொண்டு. முந்தாநாள் காளையின் குளம்புக்கு அடியில் இருந்த ஒன்று.

கேமராவைக் கவிழ்த்துப் பிடித்தார். ரப்பர் ப்ளோயரை முதலில் நான்கைந்து முறை வெளியே அமுக்கி அதற்குள் இருந்த தூசியைப் போக்கிவிட்டு, மூக்கு மவுண்டுக்கு உள்ளே போகாதபடி வைத்துப் பத்து முறை அடித்தார். தூசி கீழே விழ வேண்டும், அதற்காகத்தான் கவிழ்ப்பது. மறுபடி எஃப் 22, வெள்ளைச் சுவர்.

நார் போய்விட்டது. பதினொன்றில் ஏழும் போயிருந்தன. பெரும்பாலான நாட்களில் அவருடைய வேலை இந்த இடத்தோடு முடிந்துவிடும்.

தை 6, அதிகாலை

மீதி நான்கும் வேறு சாதி. ஓரம் வட்டமாக, நடு சற்று வெளுத்து. தூசியின் நிழல் கோணல்மாணலாக இருக்கும். இப்படி வட்டமாக நிற்பது அநேகமாக எண்ணெய்த் துளி, ஷட்டரின் இயக்கத்திலிருந்து தெறிப்பது. இது பல கேமராக்களுக்கும் கொஞ்சம் உண்டு. 2012-ல் வந்த நிக்கான் டி600-ல் அளவுக்கு மீறிப் போய், 2014-ல் அந்த நிறுவனம் உத்தரவாதக் காலம் முடிந்தவர்களுக்கும் இலவசமாகச் சுத்தம் செய்து ஷட்டரை மாற்றித் தருவதாக அறிவித்தது. அதற்கு முன்பே, 2013 அக்டோபரில், டி610 வந்துவிட்டது. துடைத்தும் திரும்பத் திரும்ப அதே மூலையில் புள்ளி வந்தால் தப்பு துடைக்கிறவருடையது இல்லை என்பதற்கு இது சாட்சி. துடைத்துப் போகவே போகாத புள்ளியும் உண்டு. லைக்கா எம்9-ல் சென்சாரின் மேல் கண்ணாடியே அரித்து வெண்புள்ளி கண்டது. அதற்கு சென்சாரையே மாற்ற வேண்டியிருந்தது.

எண்ணெய்க்கு ஈர ஸ்வாப்தான். அதற்கு முன் இன்னொரு தடவை ப்ளோயர். இந்தப் படியைத் தாண்டுகிறவர்கள்தான் கீறல் போடுகிறார்கள். மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவில் 7. சாதாரணக் கண்ணாடி 5.5 அளவில் நிற்கும். ஒரு மணல் துகளை ஸ்வாப்புக்கு அடியில் வைத்து இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

ஸ்வாப்பின் அகலம் 24 மி.மீ. முழுச்சட்ட சென்சார் 36-க்கு 24 மி.மீ. என்பதால் ஒரே இழுப்பில் மேலிருந்து கீழ்வரை மூடிவிடும். சின்ன ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 16 மி.மீ. ஸ்வாப் கிடைக்கிறது. திரவம் மெத்தனாலை அடிப்படையாகக் கொண்ட, சென்சாருக்கென்றே விற்கப்படுவது. குடித்தால் விஷம், தீயில் சட்டென்று பற்றும். பூஜை விளக்கு ஏற்றுகிற நேரத்தில் அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஜன்னல் துடைக்கும் நீலத் திரவம், கைக்குத் தடவும் சானிடைசர், காது குடையும் பஞ்சுக் குச்சி எதுவும் இதற்கு மாற்றாகாது.

முதல் ஸ்வாப்பில் நான்கு சொட்டு விட்டுவிட்டார். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஒரே சீராக இழுத்து, திருப்பி, சுத்தமான பக்கத்தால் எதிர்த்திசையில் ஒரு முறை. அவ்வளவுதான், அந்த ஸ்வாப் குப்பைக்கு. சோதனைப் படத்தில் எண்ணெய் போயிருந்தது, ஆனால் வலது ஓரம் நெடுக காய்ந்த கோடு. ஈரம் அதிகம்.

இரண்டாவதில் இரண்டே சொட்டு விட்டு, ஊறுவதற்குச் சில நொடி காத்திருந்தார். அழுத்தம் ஸ்வாப்பின் நுனி லேசாக வளைகிற அளவுக்கு மட்டும். அதிர்வு தாங்கும் ஏற்பாடு உள்ள கேமராக்களில் சென்சார் மிதந்துகொண்டிருக்கும், அழுத்தினால் விலகிப்போகும். தகடு லேசாக அசைவதைக் கண்டு தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

கோடு போய்விட்டது. வலது கீழ் மூலையில் மட்டும் ஒரே ஒரு புள்ளி பாக்கி.

"இன்னொரு ஸ்வாப் போட்டா அதுவும் போயிரும்ணே."

"போகலாம். புதுசா ரெண்டு வரவும் வரலாம். எஃப் 11-ல எடுத்துப் பாரு."

எடுத்துப் பார்த்தான். இல்லை. கேமராவை மூடிப் பையில் வைத்துவிட்டார்கள்.

தை 8

முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. மேடையில் எல்லாம் எஃப் 2.8, குடும்பப் படத்துக்கு எஃப் 5.6. மாங்கல்ய தாரணம் முடிந்ததும் மண்டப வாசலில், வாழை மரமும் வெளுக்கத் தொடங்கிய வானமும் தெரிய மணமக்களை நிறுத்தி எஃப் 11-ல் ஒரு படம். பின்திரையில் பெரிதாக்கி இடது மேலே பார்த்தார், பிறகு வலது கீழே. நடுவில் ஒரு முறை லென்ஸ் மாற்ற வேண்டியிருந்தது. காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றி, கேமராவை அணைத்து, கவிழ்த்துப் பிடித்து, அடுத்த லென்ஸின் பின்மூடியை முன்கூட்டியே திருகித் தளர்த்தி வைத்துக்கொண்டு மாற்றினார்.

அன்றிரவு டைரியில்: "வலது கீழ், ஒன்று. எஃப் 11-ல் இல்லை. ஸ்வாப் பாக்கி 6."