சிர்க்கோனுக்குள் ஒளிந்திருந்த மூலகம்

உயர்தர இரசாயனவியலில் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்வது இரண்டு வரி. ஆவர்த்தனத்தில் இடமிருந்து வலம் போனால் அணுவாரை குறையும். கூட்டத்தில் மேலிருந்து கீழே இறங்கினால் கூடும். ஆலையடிவேம்பிலும் பக்கத்து அக்கரைப்பற்றிலும் பின்னேர ரியூசன் வகுப்புகளில் இந்த இரண்டு வரியும்தான் ஒலிக்கும். நானும் இவற்றைச் சொல்லிக்கொடுத்தே பிழைக்கிறவன். ஆனாலும் எனக்குப் பிடித்தது, இரண்டாவது வரி பொய்த்துப்போகும் இடம்தான். அந்த இடம் நம் நாட்டுக் கல் ஒன்றுக்குள்ளேயே இருக்கிறது.

அந்தக் கல்லின் பெயர் சிர்க்கோன். நிறமற்ற சிர்க்கோனுக்கு மாத்தறை வைரம் என்றும் பெயருண்டு. கிழக்குக் கரையின் புல்மோட்டைக் கனிய மணலில் இல்மனைற்றோடு இதுவும் கலந்து கிடக்கிறது. எங்களுக்குத் தெற்கே திருக்கோவிலில் இல்மனைற் அகழும் பேச்சு வந்தபோது சனம் எதிர்த்து நின்றது. ஆகவே கனிய மணல் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாத சங்கதியல்ல.

1789 இல் ஜேர்மனியின் மார்ட்டின் கிளப்ரோத், இலங்கையிலிருந்து போன ஒரு சிர்க்கோனை ஆராய்ந்துதான் சிர்க்கோனியத்தை இனங்கண்டார். அதன் பிறகு எத்தனையோ பேர் அந்தக் கல்லைக் கரைத்தார்கள், வடித்தார்கள், நிறுத்துப் பார்த்தார்கள். அதற்குள் இன்னொரு மூலகமும் இருப்பது 133 வருடமாக ஒருவருக்கும் பிடிபடவில்லை.

பௌதிகவியலாளர் மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு மூலகங்களுக்கு அணுவெண் கொடுத்த பிறகு, 72ஆம் இடம் வெறுமையாக இருப்பது தெரிந்தது. பிரான்சின் ஊர்பேன் அதை அருமண் உலோகங்களுக்குள் தேடினார். பௌதிகவியலாளர் நீல்ஸ் போர் இலத்திரன்களை அடுக்கிப் பார்த்து வேறு முடிவுக்கு வந்தார். 4f உபசக்திமட்டத்தில் பதினான்கு இலத்திரன்களுக்குத்தான் இடம். 71ஐ எட்டும்போதே அது நிரம்பியிருக்கும். எனவே 72ஆவது அருமண்ணாக இருக்க முடியாது, சிர்க்கோனியத்தின் கீழேதான் உட்கார வேண்டும். கொப்பன்ஹேகனில் ஆய்வாளர்களான கொஸ்ரரும் ஹெவெசியும் சிர்க்கோன் கனியத்தையே எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தார்கள். இருந்தது! 1922 டிசம்பரில் போர் தம் நோபல் உரையிலேயே இதை அறிவித்தார். அடுத்த மாதம் கண்டுபிடிப்பு அச்சில் வந்தது. கொப்பன்ஹேகனின் இலத்தீன் பெயரிலிருந்து மூலகத்துக்கு ஹஃப்னியம் என்று பெயரிட்டார்கள்.

ஏன் இத்தனை காலம் ஒளிந்திருந்தது? சிர்க்கோனியத்தின் நிலையமைப்பு 4d² 5s² என்று முடியும். ஹஃப்னியத்தினது 5d² 6s² என்று முடியும். வெளியே ஒரே கோலம். அளவோ இன்னும் ஆச்சரியம். தைத்தேனியத்தின் அணுவாரை 147 பிக்கோமீற்றர், சிர்க்கோனியத்தினது 160, ஹஃப்னியத்தினது 159. முப்பத்திரண்டு இலத்திரன் கூடியும் அணு பெருக்கவில்லை. அடர்த்தி மட்டும் கன சென்ரிமீற்றருக்கு 6.5 கிராமிலிருந்து 13.3 கிராமுக்கு ஏறிவிட்டது.

காரணம், ஹஃப்னியத்தின் நிலையமைப்பில் பிள்ளைகள் ஒரே மூச்சில் எழுதிக் கடந்துபோகும் 4f¹⁴. அணுவாரை என்பது சித்திரைப் புத்தாண்டுக் கயிறிழுப்பு மாதிரி. புதிய சக்திமட்டம் வெளியே இழுக்கும், கருவேற்றம் உள்ளே இழுக்கும். 4f இலத்திரன்கள் கருவைச் சரியாக மறைப்பதில்லை. பதினான்கு புரோத்தன்கள் கூடக்கூட உள்ளிழுப்பு பலக்கிறது. புதிய மட்டத்தால் கிடைக்கவேண்டிய பருமன் அதிலேயே கரைந்துபோகிறது.

இலத்திரன்கள் தீர்மானிப்பது இரசாயனத்தை மட்டும்தான். கருவைப் பொறுத்தவரை இந்த இரண்டு மூலகங்களும் நேரெதிர். சிர்க்கோனியம் நியூத்திரன்களை அநேகமாக விட்டுவிடும், அதனால் அணு உலையில் எரிபொருளுக்கு உறையாகிறது. ஹஃப்னியம் அவற்றை ஐந்நூறு மடங்குக்கு மேல் விழுங்கும், அதனால் உலையை அடக்கும் கோலாகிறது. ஹைதராபாத்தின் அணு எரிபொருள் நிலையத்தில் கரைப்பான் கொண்டு இரண்டையும் பாடுபட்டுப் பிரிக்கிறார்கள்.

"சேர், இது பேப்பருக்கு வருமா?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். வராது, பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் பெரிலியத்தைவிடப் போரனின் முதலாம் அயனாக்கற் சக்தி ஏன் குறைவு என்று கேட்பார்கள். மூலுக்கு 899 கிலோயூலுக்கு அடுத்து ஏன் 801? போக்கை மட்டும் பாடமாக்கியவர் அங்கே முழிப்பார். கடைசி இலத்திரன் எந்த ஓபிற்றலில் இருக்கிறது, அதற்கும் கருவுக்கும் நடுவே நிற்பது எது என்று பார்க்கப் பழகியவருக்குப் போரனும் ஹஃப்னியமும் ஒரே கணக்குத்தான்.